அந்நிய நிரலும் அண்ணன் விரலும்

கம்ப்யூட்டர் எவ்வளவு தெளிவாக வாசித்துக் காட்டினாலும் காதுக்குக் காற்புள்ளி கேட்காது. மற்றவர்களுக்கு அதனால் குடிமுழுகிப் போகாது. அவளுடைய அண்ணனுக்குப் போகும். அவன் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பவன். பக்கத்தைப் புரட்டும்போதே பிழையை மோப்பம் பிடித்துவிடுவான் என்று பெயர் வாங்கியவன். பார்வை போனதிலிருந்து வீட்டோடு கிடந்தான். பேச்சும் குறைந்துவிட்டது. பிரெய்ல் மட்டும் விடாமல் கற்றுக்கொண்டான்.

அவனுக்காக அவள் ஒரு பிரெய்ல் பலகை வாங்கி வந்தாள். திரையில் இருக்கும் வரிக்கு ஏற்ப அதில் சின்னச் சின்னப் புள்ளிகள் மேலெழும்; விரலால் தடவிப் படிக்கலாம். காற்புள்ளியும் கையில் தட்டுப்படும். விஷயம் பதிப்பக மேலாளர் காதுக்குப் போனது.

"ஒரு புத்தகத்தை இங்க வந்து பார்த்துக் கொடுங்க சார்," என்றார் அவர். "சரியா வந்துட்டா உங்க நாற்காலி உங்களுக்குத்தான். வரலைன்னா நான் வேற ஆளைப் போட்டாகணும். தப்பா நினைக்காதீங்க."

பதிப்பகத்தில் எல்லோரும் திருத்தப் பயன்படுத்தும் எடிட்டர் என்ற மென்பொருளுக்கும் அந்தப் பலகைக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது என்பதுதான் சிக்கல். இதற்காக யாரிடமும் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. அந்த எடிட்டரை எழுதிப் பராமரிக்கும் இரண்டு பேரில் ஒருத்தி அவள்தான். அதில் யார் வேண்டுமானாலும் புது வசதி தரும் குட்டி நிரல்களை, அதாவது நீட்சிகளை, எழுதிச் சேர்க்கலாம். ஆனால் நீட்சிகளுக்கு எடிட்டரின் சொந்த நிரல்மொழி மட்டும்தான் தெரியும். பலகையை இயக்கும் டிரைவர் என்ற நிரலோ வேறு மொழியில் எழுதப்பட்டது. நடுவே ஒரு பாலம் வேண்டும். அதுவும் எந்த வகைக் கம்ப்யூட்டரிலும் இடியாமல் நிற்கும் பாலம்.

எடிட்டரைப் பராமரிக்கும் இன்னொரு ஆசாமியை எல்லோரும் வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். டீ வேண்டுமா என்று கேட்டால்கூட இரண்டு தரப்பு வாதத்தையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் வேண்டாம் என்பான்.

"அந்நிய நிரலைக் கொண்டுவந்து நம்ம நடுக்கூடத்துல உக்கார வைக்காத," என்றான் அவன். "அது மயங்கி விழுந்தா எடிட்டரையும் சேர்த்து இழுத்துட்டு விழும். பக்கத்துல ஒரு ரூம் கட்டு. டிரைவர் அங்க தனி புரோகிராமா ஓடட்டும். கதவு வழியா பேசிக்கலாம்."

"கதவு வழியா பேசினா தாமதம் ஆகும். விரல் முன்னாடி போய், புள்ளி பின்னாடி வந்தா அண்ணன் எப்படிப் படிப்பான்?"

"அளந்து பார்த்தியா?"

"அளக்க என்ன இருக்கு? எனக்குத் தெரியும்."

ஒற்றைக்காலில் நின்றாள். நடுக்கூடத்திலேயே பாலம் கட்டினாள். அவளுடைய கம்ப்யூட்டரில் அது அழகாக ஓடியது. வக்கீல் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டான்.

பதிப்பகத்துக் கம்ப்யூட்டர் வேறு ரகம். அன்று காலை அண்ணன் தன் பழைய மேசையில் உட்கார்ந்து, தலை நிமிராமல் திருத்திக்கொண்டே போனான். அவள் பெருமை பிடிபடாமல் பின்னால் நின்றாள். மதியத்துக்குச் சற்று முன் எடிட்டர் ஒரு வார்த்தை சொல்லாமல் மூடிக்கொண்டது. பலகையின் புள்ளிகள் அத்தனையும் உள்ளே போயின. மொட்டைப் பலகைமேல் அண்ணன் விரல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது.

"எங்க போச்சு?" என்று கேட்டான்.

காலை முழுக்கச் செய்த திருத்தங்கள் போய்விட்டிருந்தன. "பரவாயில்ல சார், கொஞ்சம் ஓய்வெடுத்துக்கோங்க," என்றார் மேலாளர். நோயாளியிடம் பேசுகிற குரல் அது. அண்ணன் முகம் சுருங்கிப்போனது.

திரும்பும் வழியில், "விடு," என்றான். "நீயும் எத்தனை நாள்தான் எனக்காக மெனக்கெடுவ?" திட்டியிருந்தால் தேவலாம். அவளுக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள்.

நேரே வக்கீலிடம் போய், "சொல்லிக் காட்டு," என்றாள். அவன் சொல்லிக் காட்டவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் நிரலைப் படிக்க ஆரம்பித்தான். விஷயம் அகப்பட்டது. ஒவ்வொரு வரிக்கும் டிரைவர் கொஞ்சம் நினைவகத்தை ஒதுக்கித் தருகிறது. வேலை முடிந்ததும் அவளுடைய பாலம் அதைத் திருப்பி ஒப்படைக்கிறது. அவள் கம்ப்யூட்டரில் டிரைவருக்கும் எடிட்டருக்கும் ஒரே நினைவகக் கிடங்கு. பதிப்பகத்தில் டிரைவருக்குத் தனிக் கிடங்கு. மாடி வீட்டில் இரவல் வாங்கிய நாற்காலிகளைக் கீழ் வீட்டில் கொண்டுபோய் அடுக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். கூட்டுக் குடும்பத்தில் அது செல்லும். பதிப்பகத்துத் தனிக்குடித்தனத்தில் சண்டை வந்துவிட்டது.

"யார் கொடுத்தாங்களோ அவங்ககிட்டதான் திருப்பணும்," என்றான் வக்கீல். "எப்படித் திருப்பறதுன்னு சொல்லாத அந்நிய நிரலைப் பாலத்துல ஏறவே விடக்கூடாது."

"சரி. பக்கத்து ரூமும் கட்டிடலாம். ஆனா தாமதம்?"

"அதை உங்க அண்ணன் விரல்கிட்ட கேப்போம்."

இருவருமாகப் பக்கத்து அறையைக் கட்டி முடித்தார்கள். ஆனால் விட்டுவிடு என்று சொன்ன அண்ணனை எப்படி உட்கார வைப்பது? பாலத்துக்குத் தான் எழுதியிருந்த கையேட்டை வக்கீல் எடிட்டரில் திறந்து, பலகையை அண்ணன் மடியில் வைத்தான். அண்ணன் வேண்டா வெறுப்பாக விரலை வைத்தான். இரண்டாவது வரியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"யாருப்பா எழுதினது இதை? ஒரு பத்தியில இத்தனை தப்பா?"

விறுவிறுவென்று திருத்த ஆரம்பித்தான். வேண்டுமென்றே பிழையாக எழுதியதாக வக்கீல் பிறகு சத்தியம் செய்தான், யாரும் நம்பவில்லை. பாதியில், சொல்லாமலே பழைய பாலத்திலிருந்து பக்கத்து அறைப் பாலத்துக்கு மாற்றிவிட்டு, அதே பக்கத்தை மறுபடி படிக்கச் சொன்னார்கள்.

"எதுக்கு ஒரே பக்கத்தை ரெண்டு தடவை படிக்க வைக்கறீங்க?" என்று எரிந்து விழுந்தான் அண்ணன்.

"வேற எதுவும் வித்தியாசம் தெரியலையா?"

"என்ன வித்தியாசம்? தப்பெல்லாம் அங்கங்கயேதான் இருக்கு."

"கட்சிக்காரர் சாட்சியே போதும்," என்றான் வக்கீல். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தான் நினைத்தது தப்பு என்று தெரிந்ததில் இவ்வளவு சந்தோஷம் அவளுக்கு இதற்கு முன் வந்ததில்லை.

மேலாளரைக் கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு வாய்ப்பு வாங்கினாள். கடைசி வாய்ப்பு என்று அவர் அழுத்திச் சொன்னார். அண்ணன் மறுபடி அதே மேசையில் உட்கார்ந்தான். புத்தகம் முடியப்போகிற நேரத்தில், பக்கத்து மேசைக்காரர் நாற்காலியை நகர்த்த, பலகையின் கேபிள் அதில் மாட்டிப் பிடுங்கிக்கொண்டு வந்தது. டிரைவர் அந்த இடத்திலேயே மயங்கி விழுந்தது. புள்ளிகள் அத்தனையும் உள்ளே போயின.

அவள் திரையைப் பார்த்தாள். எடிட்டர் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் நின்றது. அண்ணன் செய்த திருத்தங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. விழுந்தது பக்கத்து அறை மட்டும்தான். கேபிளைச் செருகினாள். எடிட்டர் புதிதாக ஒரு அறையைத் திறந்து, டிரைவரை எழுப்பி உட்கார வைத்தது. விட்ட வரியிலேயே புள்ளிகள் மேலெழுந்தன. அண்ணன் விரலை எடுத்திருக்கவே இல்லை. அது அடுத்த சொல்லுக்கு நகர்ந்தது.

மாலையில் மேலாளர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். நேரே போய், அடுத்த புத்தகத்தின் மெய்ப்பை அண்ணன் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு வந்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும் சார். இதுல சலுகையெல்லாம் கிடையாது," என்றார். இந்தமுறை குரலில் ஓய்வும் இல்லை, பரிதாபமும் இல்லை.

அண்ணன் பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பினான்.

"நீ இன்னும் இங்கயேவா நிக்கற? கிளம்பு, எனக்கு வேலை இருக்கு."