பலகையில் தொங்கிய கமா

சின்னவளிடம் எப்போதுமே வெட்டு ஒன்று, துண்டு இரண்டுதான். துணியில் போட்ட சாக்பீஸ் கோட்டை அழிக்க மாட்டாள்; சொன்ன சொல்லும் அப்படித்தான்.

தையல் கடை வாசலில் ஏணி போட்டு, புதுப் பெயர்ப்பலகையில் ‘சிஸ்டர்ஸ் டெய்லரிங்’ என்று ஆங்கிலத்தில் பென்சிலால் வரைந்திருந்தார் போர்டுக்காரர். சின்னவள் அண்ணாந்து பார்த்தாள்.

“அண்ணே, மேல தொங்குற கமா, கடைசி எஸ்ஸுக்கு முன்னாடி இருக்கு. அப்படின்னா ஒரு சிஸ்டரோட கடை. பின்னாடி போடுங்க, ரெண்டு பேரோட கடை.”

“கமாவே வேண்டாம்மா. லேடீஸ் டெய்லர்னு கமா இல்லாமத்தானே எழுதுறாங்க?”

“அது என்ன மாதிரி டெய்லர்னு சொல்லுது. இது யாரோட கடைன்னு சொல்லணும்.”

உள்ளே மிஷினில் இருந்த அக்கா தலையைத் தூக்கவில்லை. “நம்மகிட்ட தைக்கிற இங்கிலீஷ் டீச்சரம்மா எழுதிக் கொடுத்தது. ஒரு புள்ளிக்கு இந்தப் பாடா? இருக்கட்டும்.”

சின்னவளுக்குச் சுருக்கென்றது. ஆறு வருஷம் மாடாய் உழைத்தும் ஊருக்கு இது அக்கா கடை. ஆயத்த ஆடை ஆலையில் அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இன்றைக்குள் பதில் சொல்ல வேண்டும். பலகையிலும் இடமில்லையென்றால் போய்விடுவாள். அதில் மாற்றமில்லை.

“யார் எவ்வளவு தைச்சோம்னு பாத்துடலாம்” என்று தைத்து முடித்த துணிகளை மேஜையில் குவித்தாள். அந்தக் கடையில் தைத்தவள் மடிப்புக்குள் தன் நூலில் ஒரு முடிச்சுப் போடுவது வழக்கம். அக்காவுக்குச் சிவப்பு, தங்கைக்கு நீலம். புகார் வந்தால் முடிச்சுக்காரிதான் திட்டு வாங்க வேண்டும்.

முழுக்கத் தானே தைத்த சட்டையை எடுத்து மடிப்பைத் திருப்பினாள். நீலத்துக்குப் பக்கத்தில் சிவப்பு. அடுத்ததிலும் அப்படியே. அக்கா தைத்தவற்றில் மட்டும் சிவப்பு தனியாக இருந்தது.

“என் வேலையிலயும் உன் முடிச்சா?”

மிஷின் நின்றது. “போன வருஷம் கோட்டு தைக்கக் குடுத்த அம்மா, சரியில்லைன்னு உன்னை நிக்க வெச்சுக் கத்துனாங்களே. அன்னிக்கு நீ சாப்பிடல. அதுலேர்ந்து போடறேன். திட்டு வந்தா ரெண்டு பேருக்கும் வரட்டும்னு.”

அக்கா எழுந்து வாசலுக்கு வந்தாள்.

“போர்டுக்காரரே, அவ சொல்ற இடத்துல வைங்க. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. கடை யாரோடதுன்னு தெரியும்.”

சின்னவள் ஆலைக்கு போன் செய்து வரவில்லை என்றாள். பிறகு அக்கா தைத்த துணிகளைத் தன் பக்கம் இழுத்து, ஊசியில் நீல நூலைக் கோத்தாள்.