எழுந்து நின்ற தடங்கள்

ஜனவரியில் கூரை சொட்டினால் எனக்குக் கோபம்தான் வரும். வடகோடியில் இருக்கிற எங்கள் கோர்போ கிராமத்தில் அந்த மாதத்துக்கென்று ஒரு மரியாதை உண்டு. மூச்சு மீசையில் உறைய வேண்டும், கிணற்றுக் கயிறு கம்பியாக விறைத்து நிற்க வேண்டும். அந்த வருடம் ஞானஸ்நானத் திருநாள் முடிந்த கையோடு தெற்கிலிருந்து ஈரக்காற்று கிளம்பி வந்துவிட்டது. தூறல், மூடுபனி, மறுபடி தூறல். வேலியெல்லாம் வியர்த்தது. துணி காயவில்லை, உப்பு கட்டி தட்டியது, நாய் அடுப்படியிலேயே கிடந்து நாறியது. இடுப்பளவு இருந்த பனி முழங்காலுக்கு இறங்கிவிட்டது.

பனியில் மிதிபட்ட இடம் இறுகிப் போகும். அதன்மேல் எவ்வளவு கொட்டி மூடினாலும் சரி, இப்படி ஒரு ஈரம் வந்தால் சுற்றியுள்ள பொலபொலப்பெல்லாம் முதலில் கரைந்து இறங்கிவிடும். மிதித்த இடம் மட்டும் கரையாமல் நிற்கும். குழியாக விழுந்த காலடி மேடாக எழுந்து வரும், பலகையில் கவிழ்த்த ரொட்டி மாதிரி. சின்ன வயதிலிருந்து பார்க்கிற சங்கதிதான். முயல் தடமும் நாய்த் தடமும் எழுந்து நிற்கும், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம்.

அன்று காலை கழுநீர் கொட்டப் போன நான், வாளியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். காட்டுப் பாதையிலிருந்து வயலைக் குறுக்கே வெட்டி, பக்கத்து வீட்டுத் தைசியாவின் வாசலுக்கு ஒற்றை ஆளின் தடம் எழுந்திருந்தது. வலது கால் நேராக, இடது கால் வெளியே திரும்பி, பின்னால் ஒரு இழுப்பு. எங்கள் ஊரில் அப்படி நடக்கிறவன் ஒருவன்தான், தைசியாவின் புருஷன் ரொதியோன். மரம் சாய்ந்து விழுந்து கெட்ட கால் அது.

அவன் இலையுதிர் காலத்தில் மாட்டை விற்ற சண்டையில் கோபித்துக்கொண்டு மரம் வெட்டும் முகாமுக்குப் போனவன். பிறகு வரவே இல்லை. முகாமில் சமையல்காரி ஒருத்தியோடு குடித்தனம் என்று ஊர் பேசியது, தைசியாவும் நம்பினாள். அந்தக் கோபத்தைத் தின்றுதான் அவள் குளிர்காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். முகாமை விட்டுக் கிளம்பிய ஆள் இங்கே வந்து சேரவில்லை என்று முகாமில் யாருக்குத் தெரியும்? முகாமில் இல்லை என்று எங்களுக்குத்தான் யார் சொல்வது?

அவன் எப்போது வந்திருக்கிறான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கிறிஸ்துமஸுக்கும் ஞானஸ்நானத் திருநாளுக்கும் இடைப்பட்ட நாட்களில் எங்கள் இளவட்டங்கள் கம்பளிக் கோட்டின் உட்புறம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டு, ஆட்டு முகமூடி மாட்டிக்கொண்டு வீடு வீடாகக் கதவு தட்டுவார்கள். குரலை மாற்றிப் பேசி ஆளை ஏமாற்றுவதுதான் விளையாட்டு. இந்த வருடம் அந்தக் கழுதைகள் தைசியா வாசலில் போய் ரொதியோன் குரலில் கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் மாவுக் கையோடு ஓடிப் போய்க் கதவைத் திறந்தாள். எதிரே ஆட்டு முகங்கள், மே மே என்று ஒரே சிரிப்பு. அன்று பனிப்புயல் கிளம்புகிற நேரத்தில் மறுபடி யாரோ கதவைத் தட்டினார்கள்.

மிச்சத்தை அவளே மறுநாள் கடையில் நடித்துக் காட்டினாள்.

"'தைசியா, திற. நான்தான்'னு அதே குரலு, அதே இழுவை! ரெண்டாவது தடவையும் ஏமாற நான் என்ன மடச்சியா? கதவைத் திறக்காமலே குடுத்தேன் பாருங்க. 'ரொதியோனா? போ, அந்தச் சமையல்காரி மடியிலயே போய்ப் படு! இந்த வீட்ல உனக்கு இடம் கிடையாது!' அப்புறம் மூச்சுக் காட்டணுமே! பயலுக ஓடியே போயிட்டானுக."

கடையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

நான் வாளியைப் போட்டுவிட்டு மண்வெட்டியோடு ஓடினேன். அவள் பார்ப்பதற்குள் அந்தத் தடங்களைக் கொத்திச் சமமாக்கிவிட வேண்டும். அவன் வந்தான் என்று தெரிந்தால் இவள் உயிரோடு இருப்பாளா? அது ஒன்றுதான் என் மண்டைக்குள் ஓடியது. தூறல் முகத்தில் அடிக்க வாசற்படியருகே மூன்று நான்கு காலடிகளை உடைத்திருப்பேன், கதவு திறந்தது.

"விடுங்கக்கா. நேத்தே பார்த்துட்டேன்."

ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். கண்ணில் பொட்டு நீர் இல்லை. அவள் என் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கிச் சுவரில் சாய்த்தாள்.

"நேத்தே பார்த்தியா? ஏண்டி யாருகிட்டயும் சொல்லல?"

"சொன்னா நிஜமாயிடும்ல."

வாசலில் மிதித்து மிதித்து ஒரே கெட்டியாக இருந்த இடத்தைக் காட்டினாள். அங்கிருந்து தடம் சுவரோரமாகவே போய், அடுப்பு இருக்கிற பக்கத்துச் சன்னலின் கீழே நின்றிருந்தது. இரண்டு பாதமும் சேர்ந்து, குதிகால் கெட்டியாக. கொஞ்ச நேரம் நிற்காமல் அப்படி இறுகாது. அதற்குப் பிறகு வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏரியைப் பார்த்துப் போயிருந்தது. அக்கரையில் அவன் தம்பி மத்வேயின் வீடு. எனக்கு ரொதியோன் மேலேயும் ஆத்திரம் வந்தது. என் வீட்டு விளக்கு கூப்பிடு தூரத்தில்தான் எரிந்துகொண்டிருந்திருக்கும். வந்து தட்டியிருக்கலாமே அந்த வீம்புக்காரன்!

நான் கடைக்குப் போய் மத்வேய்க்குப் போன் போட்டேன். அவன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து தடத்தின் ஓரமாகவே நடந்து போனான். தைசியா போகவில்லை. மூடுபனியில் அவர்கள் குரல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு கூரைச் சொட்டுதான். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன், அவள் கையிலேயே ஆறிப் போனது.

மூன்று மணிக்கே இருட்டுகிற ஊர். மங்கல் விழும்போது மத்வேய் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தான்.

"அண்ணி... ஏரிக்கரை வைக்கோல் கொட்டகையில. புயல்ல ஒதுங்கியிருக்கு போல. உட்கார்ந்த மேனிக்கே உறைஞ்சு கிடக்கு அண்ணன்."

"வீட்டுக்குக் கொண்டு வாங்க," என்றாள். அவன் சறுக்குவண்டி எடுக்கப் போனான்.

அவன் தலை மறைந்ததும் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, எனக்காக ஒண்ணு செய்யுங்க. அவரு நின்னாரே, அந்தச் சன்னல் கிட்ட, அதே இடத்துல போய் நில்லுங்க. நான் உள்ள விளக்கைப் போடுறேன்."

"எதுக்குடி இப்ப?"

"அன்னைக்குக் கத்திட்டு வந்து மேசைகிட்ட உட்கார்ந்து சிரிச்சேன்க்கா. நல்லா ஏமாத்திட்டேன்னு ரொம்ப நேரம் சிரிச்சேன். நான் கத்தினதைக் கேட்டிருப்பாரு, அது போகட்டும். சண்டையில ஆயிரம் கத்தியிருக்கேன், அவருக்குத் தெரியும். ஆனா சிரிச்சதைப் பார்த்தாரான்னு எனக்குத் தெரியணும்."

நான் போய் அவன் தடத்தின்மேல் ஏறி நின்றேன். ஈரத்தில் வழுக்கியது, சுவரைப் பிடித்துக்கொண்டேன். சாதாரணமாக அந்தக் குளிரில் எந்தக் கண்ணாடியும் உறைந்து வெளுத்திருக்கும். அடுப்பின் சூட்டுக்கு இந்த ஒரு சன்னல் மட்டும் உறையாது, அது அவளுக்கும் தெரியும்.

விளக்கு எரிந்தது. தைசியா மேசையருகே உட்கார்ந்தாள். பிறகு எனக்காகச் சிரித்துக் காட்டினாள். தலையைப் பின்னால் சாய்த்து, வயிற்றில் கையை வைத்து, வாயைத் திறந்து. இரட்டைக் கண்ணாடியில் சத்தம் வரவில்லை. அவளுடைய கடைவாய்ப் பல் விழுந்த இடம் வரைக்கும் தெரிந்தது. அவன் நின்ற இடத்தில் நின்று, அவன் கடைசியாகப் பார்த்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் வெளியே வந்தாள்.

"தெரிஞ்சுதா?"

"ஒண்ணும் தெரியலடி. வெளிச்சம்தான் தெரிஞ்சுது. ஆளே தெரியல."

"சத்தியமா?"

"என் பிள்ளைங்க மேல சத்தியமா."

என் இரண்டு மகன்களும் கடலில் மீன்பிடிக் கப்பலில் இருக்கிறார்கள். அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் கண்ணை எடுக்கவில்லை.

"அப்போ சரி," என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.