டெஸ்ட் டிரைவில் ஏறிய கல்யாணப் பெண்

வேடியப்பன் காருக்குள் உட்காரும் விதத்தைப் பார்க்கவே அந்த ஷோரூமில் நாலு பேர் கைவேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். முதலில் செருப்பைக் கழற்றி வெளியே வைத்தார். டிரைவர் சீட்டில் அமர்ந்து முட்டி இடிக்கிறதா என்று இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தார். பின் சீட்டுக்குப் போய்த் தலையைக் கூரையில் முட்டினார். கதவைச் சாத்தி, அந்த ஓசையைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைசியில் டிக்கியைத் திறக்கச் சொன்னவர், அதற்குள்ளும் காலை மடக்கி ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"சார், அது சாமான் வைக்கிற எடம்" என்றாள் தென்றல். அவள்தான் அங்கே வண்டி விற்பனைக்கு இருந்த பெண். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமாகியும் இன்னும் ஒரு வண்டி கூட விற்கவில்லை.

"தெரியும்மா. மல்லாட்டை மூட்டை நிக்குமான்னு பாக்கறேன். நான் எப்படியும் ஒன்றரை மூட்டை கனம் இருப்பேன்."

அவர் மனைவி ரேணுகாம்பாள் சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, சுவரில் இருந்த போஸ்டரை ரொம்ப அக்கறையாகப் படிப்பதுபோலத் திரும்பிக்கொண்டாள்.

வேடியப்பனுக்குக் கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் விதை, உரக் கடை; மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்லும் வேர்க்கடலையும் விற்பார். ரேணுகாம்பாள் ஏழெட்டு மைல் தள்ளி ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியை. மழையிலும் வெயிலிலும் ஸ்கூட்டியில் போய் வந்து அவளுக்கு முதுகு வலி வந்ததும், சின்னதாக ஒரு கார் வாங்கிவிடலாம் என்று முடிவானது. முடிவாகி ஒரு வருஷம் ஆகிவிட்டது. வேடியப்பனின் நிபந்தனைகள் இரண்டே இரண்டு. வண்டி நம் கைக்கு அடங்க வேண்டும். நடுரோட்டில் நிற்கக் கூடாது. ஆனால் உரம் வாங்க வந்தவர்களிடமெல்லாம் அவர் யோசனை கேட்டதில் ஆளுக்கொரு வண்டியைச் சொன்னார்கள். ஒருவர் மைலேஜ்தான் முக்கியம் என்றார். இன்னொருவர் தகரம் கெட்டியாக இருக்க வேண்டும் என்றார். ராத்திரி படுத்துக்கொண்டு செல்போனில் கார் வீடியோ பார்த்தே அவர் கண்ணாடி மாற்ற வேண்டியதாயிற்று.

இருவரும் சேர்ந்துதான் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனார்கள். இரண்டாம் வகுப்பிலேயே வேடியப்பன் காரை ஓர் இளநீர்க் குவியலுக்குள் விட்டுவிட்டு, "இது நமக்கு ஆவாது" என்று இறங்கி நடந்து வந்துவிட்டார். ரேணுகாம்பாள் முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினாள். ஆனால் அவள் ஓட்டி அவர் ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை. இதற்கு முன் ஏறிய இரண்டு ஷோரூம்களிலும் கம்பெனி ஆளையே ஓட்டச் சொல்லிவிட்டு, மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

இந்த மூன்றாவது ஷோரூமில் தென்றல் சாவியை நேராக ரேணுகாம்பாளின் கையில் வைத்துவிட்டாள். "மேடம்தானே ஓட்டப் போறாங்க? அவங்களே ஓட்டிப் பாக்கட்டும்."

"ரோட்ல ஜனம் ஜாஸ்தியா இருக்குதே" என்றார் வேடியப்பன்.

"கம்மியா இருக்கற பக்கமா போலாம் சார். செங்கம் ரோட்டுல அந்தாண்ட போனா ப்ரீயா இருக்கும்."

வேடியப்பன் பின் சீட்டில் ஏறி, மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கிரிவலப் பாதை வலப்பக்கம் பிரியும் இடத்தைத் தாண்டும் வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை. ரோடு காலியானதும் மெதுவாகத் திறந்து, "பிரேக்கு எப்படி?" என்றார். ரேணுகாம்பாள் பிரேக்கைப் போட்டுக் காட்டினாள். அவர் முன் சீட்டில் வந்து மோதினார்.

ஆனால் அவள் பிரேக் போட்டது அவருக்குக் காட்டுவதற்காக மட்டும் இல்லை. எதிர்ப்புறம் புளியமரத்தடியில் மாலை கட்டிய வாடகைக் கார் ஒன்று நின்றுகொண்டிருந்தது. பானட் திறந்து கிடக்க, உள்ளிருந்து புகை வந்தது. டிரைவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பட்டு வேட்டி கட்டிய ஒருவர் போகிற வண்டிகளையெல்லாம் கை காட்டி நிறுத்தப் பார்த்தார். மரத்தடிக் கல்லில் ஒரு கல்யாணப் பெண், நெற்றிச்சுட்டி முதல் மெட்டி கொலுசு வரை சகல அலங்காரத்தோடும் உட்கார்ந்து கொய்யாப்பழம் கடித்துக்கொண்டிருந்தாள்.

பட்டு வேட்டிக்காரர் ஓடி வந்தார். பெண்ணின் அப்பா, பெயர் முருகவேல். "அம்மா, பெரிய கோயில்ல கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து காத்துக்குனு இருக்காங்க. கூட வந்த வேன் முன்னாடியே போயிடுச்சு. முகூர்த்தம் தாண்டிடும்மா. கொஞ்சம் எறக்கி விட்ருவீங்களா?"

"நான் அப்பவே சொன்னேன், பைக்லயே போயிடலாம்னு" என்றாள் கல்யாணப் பெண் எழில், வாயில் கொய்யாவோடு. அவள் அம்மா அவள் கையிலிருந்து பழத்தைப் பிடுங்கி வீசினாள்.

ரேணுகாம்பாள் தென்றலைப் பார்த்தாள். கம்பெனி வண்டியில் வாங்க வந்தவர்களைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது என்பது சட்டம். தென்றல் ஒரு கணம் தன் அடையாள அட்டையைத் திருகினாள். பிறகு கதவைத் திறந்தாள். "ஏறுங்க. முதல்ல பொண்ணு ஏறட்டும்."

"நீ ஓட்டறியாம்மா? கோயில் பக்கம் ஒரே கூட்டமா இருக்குமே" என்றாள் ரேணுகாம்பாள்.

"எனக்கு இன்னும் லைசென்ஸ் வரலக்கா."

"இன்னாது!" என்றார் வேடியப்பன். "காரு விக்கற பொண்ணு, உனக்கே ஓட்டத் தெரியாதா?"

"விக்கத் தெரியும் சார்" என்றாள் தென்றல். அதுவும் இன்னும் நிரூபணம் ஆகவில்லை என்று நினைவு வந்து அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பின் சீட்டில் அப்பா, அம்மா, நடுவில் எழில். மடியெல்லாம் சீர்வரிசைத் தட்டுகள். மீதித் தட்டுகள் டிக்கிக்குள் போயின. வாழைத்தார் கூட ஒரு மூலையில் படுத்துக்கொண்டது. குத்துவிளக்கும் வேடியப்பனும்தான் வெளியே நின்றார்கள்.

"நீங்க?" என்றாள் ரேணுகாம்பாள்.

"நான் ஆட்டோல வரேன். நீ போ." அவர் குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டார். "ரேணு, பாத்துப் போ."

கார் திரும்பிப் பறந்தது. பின்னாலேயே வந்த ஆட்டோவை மறித்து, இடுப்புயரக் குத்துவிளக்கோடு உள்ளே புகுந்தார் வேடியப்பன். "அந்த வெள்ளைக் காரு பின்னாடியே போப்பா!"

ஆட்டோக்காரர் சரவணகுமாருக்கு வாழ்க்கையில் யாரும் இப்படிச் சொன்னதில்லை. முகமெல்லாம் மலர்ந்து ஆக்சிலேட்டரைத் திருகினார்.

வேடியப்பன் இதுவரை அந்தக் காரை உள்ளிருந்துதான் பார்த்திருந்தார், முட்டியாலும் தலையாலும். இப்போதுதான் வெளியிலிருந்து பார்த்தார். ரமணாசிரமம் பக்கம் வந்ததும் ரோடு நிரம்பியது. சைக்கிளில் ஒரு வெள்ளைக்காரர், காவி கட்டிய இரண்டு பேர், எந்தப் பக்கமும் பார்க்காமல் ரோட்டைக் கடக்கும் ஒரு அம்மா, குறுக்கே பாயும் ஒரு குரங்கு. கார் ஒவ்வொன்றுக்கும் இடம் விட்டு, ஒருவரையும் அதட்டாமல், நூல் கோத்த ஊசி மாதிரி நுழைந்து போனது. பெரிய வேகத்தடை வந்தது. வேடியப்பன் ஆட்டோவுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"அடி தட்டல! பாத்தியாப்பா? அஞ்சு பேரு, வாழைத்தாரு, அவ்வளவு சீரு. அடியில தட்டவே இல்ல!"

"சார், நீங்க கம்பெனி ஆளா?"

"இல்லப்பா! அது எங்க வீட்டம்மா! அவங்கதான் ஓட்றாங்க!"

"மேடமா? சூப்பரா ஓட்றாங்க சார்!"

"ஆமா!" என்று கத்தினார் வேடியப்பன். அந்தச் செய்தி அவருக்கும் அப்போதுதான் கிடைத்திருந்தது.

பேகோபுரத் தெருவுக்குள் திரும்பியதும் நடுத்தெருவில் ஒரு மாடு நின்றது. அதுவும் ஏதோ முடிவெடுக்க முடியாமல் நிற்பது போலத்தான் இருந்தது. எதிரே ஒரு வேன். ஒரு பக்கம் பூ வண்டி, மறுபக்கம் வரிசையாக பைக்குகள். ஆளாளுக்கு ஹாரன் அடித்தார்கள். ரேணுகாம்பாள் அடிக்கவில்லை. வண்டியைப் பின்னால் எடுத்தாள். பூ வண்டிக்கும் பைக்குக்கும் நடுவில் கையகல இடைவெளியில் ஒரே மூச்சில் பின்பக்கத்தை நுழைத்து, வேனுக்கு வழி விட்டு, மாட்டைச் சுற்றி வளைத்து வெளியே வந்துவிட்டாள். பூக்காரர் கையிலிருந்த மல்லிகைச் சரத்தைத் தூக்கிப் பிடித்து, "போம்மா ராஜாத்தி!" என்றார். வேடியப்பன் சந்தோஷத்தில் எழுந்து நின்றதில் ஆட்டோ கூரையில் தலை இடித்தது. அவருக்கு வலிக்கவில்லை.

கோபுர வாசலில் எழிலின் அத்தை வெள்ளையம்மாள் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார். பெண்ணுக்குச் சுற்றியவர், பளபளக்கும் காரைப் பார்த்து, வீட்டுக்கு வந்த புது வண்டி என்று நினைத்து அதற்கும் மூன்று சுற்று சுற்றினார். பானட்டில் குங்குமம் பூசினார். முருகவேல் நன்றி சொல்ல வார்த்தை கிடைக்காமல், ஒரு சாமந்தி மாலையைக் கொண்டு வந்து கண்ணாடிக்குக் கீழே சாத்திவிட்டார். அப்போது தென்றலின் போன் அடித்தது. மேனேஜர்.

"தென்றல், வண்டி எங்கம்மா?"

"கோயில்ல சார்."

"கோயில்ல இன்னா பண்றீங்க?"

"கல்யாணம் சார்."

"யாருக்கு?"

தென்றல் போனைக் கையால் மூடி, "அக்கா, அந்தப் பொண்ணு பேரு இன்னா?" என்றாள். ரேணுகாம்பாள் அதற்குள் சிரிக்க ஆரம்பித்திருந்தாள். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து, கண்ணில் தண்ணீர் வர வர, தோள் குலுங்கச் சிரித்தாள்.

குத்துவிளக்கை ஒப்படைத்துவிட்டு மூச்சிரைக்க வந்த வேடியப்பன், தென்றலிடமிருந்து போனை வாங்கினார். "மேனேஜர் சார், வண்டி பத்திரமா இருக்குது. நாங்க எடுத்துக்கறோம். இதே மாதிரி ஒண்ணு புதுசா புக் பண்ணிடுங்க. இந்தப் பொண்ணு கணக்குலதான் போடணும், ஆமா."

போனைத் திருப்பி வாங்கிய தென்றல் அதைக் காதில் வைக்கவே மறந்து நின்றாள்.

"மைலேஜ் கேக்கலியே?" என்றாள் ரேணுகாம்பாள்.

"கேட்டாச்சு, எல்லாம் கேட்டாச்சு." அவர் ஜன்னலில் குனிந்தார். நெற்றியில் சின்னதாக ஒரு புடைப்பு. "ரேணு, நீ இவ்வளவு நல்லா ஓட்டுவேன்னு எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க எப்ப கேட்டீங்க? ஒரு வருஷமா காரைப் பத்திதான கேட்டுக்குனு இருந்தீங்க."

அவர் குங்குமம் பட்ட பானட்டைத் தோள் துண்டால் துடைக்கப் போய், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

தாலி கட்டும்போது மூன்று பேரும் கூட்டத்தின் பின்வரிசையில் நின்று அட்சதை போட்டார்கள். மாலைக்குள்ளிருந்து எழில் எட்டிப் பார்த்து ரேணுகாம்பாளுக்குக் கை காட்டினாள். மாப்பிள்ளையும் யாரென்று தெரியாமலே கை காட்டினான்.

புது வண்டி ஆடி கழிந்து வந்தது. சாவி வாங்கிய அன்று சாயங்காலம் ரேணுகாம்பாள் ஓட்ட, வேடியப்பன் முன் சீட்டில், கைப்பிடியைத் தொடாமல், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெரிந்தவர் யாரைப் பார்த்தாலும் கண்ணாடியை இறக்கி, "வீட்டம்மா ஓட்றாங்க!" என்றார். தெரியாதவர்களிடமும் இரண்டு முறை சொன்னார். கீழ்பென்னாத்தூர் வந்தது. அவர் கடையும் தாண்டிப் போனது. அவர்கள் தெரு திரும்பும் இடமும் வந்தது. ரேணுகாம்பாள் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு அவர் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் முன்னால் நீண்டு கிடந்த ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் இண்டிகேட்டரை அணைத்தாள்.

"எங்க போறோம்?" என்றார்.

"தெரியல. செஞ்சி வரைக்கும் போலாமா?"

"அங்க இன்னா வேலை?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப போ" என்றார் வேடியப்பன், பாட்டு போடும் பொத்தானைத் தேடிக்கொண்டே.