பெயர் சொன்னால்தான் பந்து

சூரியநெல்லிக்கு மேலே உள்ள எஸ்டேட்டில் இறங்கும் மூடுபனியை அங்கே மஞ்சு என்பார்கள். ஜீப் ஓட்டும் மிக்கேல் ஒருமுறை மஞ்சுக்குள் தன் வீடு என்று நினைத்து அடுத்த லயத்து வரிசைவீடு ஒன்றில் நுழைந்து ஒரு வாரம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்கிறான். அந்த வீட்டுக்காரர்களுக்கும் தெரியவில்லை. மீன்குழம்பு நன்றாக இருந்ததால் அவனும் வாயைத் திறக்கவில்லை. பழைய தேயிலைக் களத்தில் பாஸ்கெட்பால் ஆடும் பெண்பிள்ளைகள் செவ்வாய்க்கிழமை எறிந்த பந்தைப் புதன்கிழமை பிடித்ததுண்டு. ராத்திரி அது எங்கே தங்கியது என்று யாரும் கேட்டதில்லை.

அப்படிப்பட்ட களத்துக்குத்தான் யோகப்பிரியா கோச்சாக வந்தாள். கொல்லங்கோட்டுக்காரி. அவள் ஊரில் வெயிலடித்தால் வரப்பில் ஓடும் எலியின் மீசையைக்கூட எண்ணலாம். இங்கே தன் கையில் இருப்பது பந்தா தலையா என்றே அவளுக்குச் சில நாள் சந்தேகமாக இருந்தது.

பிள்ளைகள் பந்து போடும் அழகைப் பார்த்து முதலில் அவள் வாயடைத்துப்போனாள். நெஞ்சுக்கு நேரே தள்ளினார்கள், தரையில் தட்டி எழுப்பினார்கள், தலைக்கு மேலே தூக்கிப் போட்டார்கள். மூச்சையும் காலடியையும் வைத்தே ஆள் நிற்கும் இடம் அவர்களுக்குத் தெரிந்தது. குறை ஒன்றுதான். ஒருத்தியும் வாய் திறப்பதில்லை. அதனால்தான் அடிமாலியில் நடந்த உபஜில்லா அளவிலான பள்ளி ஆட்டத்தில் தோற்றார்கள். அங்கே வெயில், கூட்டம், கொட்டு. மூச்சுச் சத்தம் எங்கே கேட்கும்? பந்து பிரதீபாவின் முதுகில் பட்டு உருண்டது. எதிரணி எடுத்துக்கொண்டு போனது.

திரும்பி வந்ததும் யோகப்பிரியா புதுப் பயிற்சி வைத்தாள். நாலு மூலையில் நாலு பேர். யாருக்குப் பந்தோ அவள் பெயரைக் கத்திச் சொல்ல வேண்டும். பெயர் கேட்டவள் அந்த இடத்திலேயே நின்று, குரல் வந்த பக்கம் திரும்பி, கையை விரிக்க வேண்டும். பெயர் சொன்னால்தான் பந்து.

பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். மோனிஷாதான் பேசினாள். ஆட்டத்தில் கெட்டி, மற்றதில் ஊமை என்று பேர் வாங்கியவள்.

"மஞ்சுல பேரச் சொல்லிக் கூப்புடக் கூடாது டீச்சர். ஆளு நிக்கிற எடம் அவருக்குத் தெரிஞ்சிரும்."

"யாருக்குக் கண்ணு?"

"பெரியவருக்கு."

யானையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். மஞ்சுக்குள் எதையாவது கண்டால் கத்துவதில்லை. டிபன் டப்பா மூடியை இரண்டு தட்டு தட்டினால் போதும். கேட்டவள் திரும்பிப் பார்க்காமல், முன்னால் வைத்த கண்ணை எடுக்காமல், பின்னோக்கியே அடிவைத்து நகர்ந்து வந்துவிட வேண்டும். நடக்கப் பழகும்போதே பழகுவது. மோனிஷாவின் அப்பா ஈஸ்வரன் ஒருநாள் டப்பாவை வீட்டில் மறந்துவிட்டுப் போனார். அதற்குமேல் அவரைப் பற்றி அந்த வீட்டில் பேச்சில்லை.

யோகப்பிரியா சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. "ஆட்டத்துக்கு வாய் வேணும் கண்ணு. ஊமப் பந்து எங்க போயி உழுகும்?" என்றாள். பெயர் சொல்லாதவள் களத்தைச் சுற்றி ஓட வேண்டும் என்றும் சொன்னாள். கொஞ்ச நாள் எல்லோரும் ஓடினார்கள். களத்து ஓரப் புல்லெல்லாம் செத்தது.

யோகப்பிரியாவைப் பிடிவாதக்காரி ஆக்கியது மோனிஷாவின் அம்மா சாந்தம்மாள். கொழுந்துக் கூடையை இறக்காமலே ஒருநாள் களத்தோரம் வந்து நின்றாள். கீழே ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்கு ஆள் எடுக்கப் போவதை எங்கேயோ கேட்டிருந்தாள்.

"இவ ஒருத்தியாவது எறங்கிப் போயிரட்டும் டீச்சர். அடிச்சாவது பேச வையிங்க."

அடிக்க வேண்டியிருக்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் பிள்ளைகளுக்குக் குரல் வந்துவிட்டது. பிறகு நிறுத்தத்தான் முடியவில்லை. சோறு கேட்டாலும் பெயர் சொல்லிக் கேட்டார்கள். தூக்கத்தில் ஒருத்தி கத்த, அடுத்த லயத்தில் இன்னொருத்தி எழுந்து கையை விரித்தாளாம். பிரதீபா எல்லோரையும்விடச் சுறுசுறுப்பு. யார் எங்கிருந்து கூப்பிட்டாலும் பத்து விரலும் பூவாக விரியும்.

தேவிகுளத்தில் தேர்வு நடந்தது. மோனிஷாவை எடுத்துக்கொண்டார்கள். பிரதீபாவை அடுத்த வருஷம் வரச் சொன்னார்கள். அவளுக்கு வருத்தமில்லை. அடுத்த வருஷம் எங்கே ஓடிவிடப்போகிறது என்றாள்.

மிக்கேலின் ஜீப் ஃபாக்டரி வாசலில் அவர்களை இறக்கிவிட்டது. அங்கிருந்து லயத்துக்கு வளைந்து வளைந்து இறங்கும் மண்பாதை. பிரதீபா முன்னால் ஓடி வளைவைத் தாண்டிவிட்டாள். மோனிஷா மேல்வளைவில். பந்துப் பையோடு யோகப்பிரியா அவளுக்கு நாலடி பின்னால். மஞ்சு ஒருகணம் விலகியது. கீழே பிரதீபாவுக்கு முன்னால், தேயிலைச் செடிகளுக்கு நடுவே, செடியில்லாத ஒரு கருப்பு நின்றது. அது காதை அசைத்தது.

மோனிஷாவின் கையில் டிபன் டப்பா இருந்தது. யோகப்பிரியா அதைப் பார்த்தாள். மூடி மேல் விரல்கள் இருந்ததையும் பார்த்தாள்.

"பிரதீபா."

கூப்பிட்டது மோனிஷா. நல்ல குரல். அடிமாலிக் கூட்டத்திலும் கேட்டிருக்கும்.

பிரதீபா அந்த இடத்திலேயே நின்றாள். குரல் வந்த பக்கம் திரும்பினாள். பத்து விரலையும் நெஞ்சுக்கு நேரே விரித்தாள். முகத்தில் சிரிப்புகூட இருந்தது, பந்து வரப்போகிறது என்று. பயிற்சியில் சொன்னதில் ஒன்றும் குறைவில்லை. முதுகு மட்டும் கருப்பின் பக்கம் இருந்தது.

மஞ்சு மறுபடி மூடிக்கொண்டது. இந்த ஒரு தடவை அதை யாரும் குறை சொல்லவில்லை.

வனத்துறைக்காரர்கள் வந்தார்கள். லயத்து ஜனங்கள் ரோட்டை மறித்து உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள். யோகப்பிரியாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிரதீபாவின் அம்மாகூட, சாப்பிட்டீர்களா டீச்சர் என்று மட்டும் கேட்டாள். யாராவது கேட்கட்டும் என்று யோகப்பிரியா ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் நின்று பார்த்தாள்.

மோனிஷா ஹாஸ்டலுக்குப் போகவேண்டிய காலையிலும் மஞ்சுதான். சாந்தம்மாள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து, ஃபாக்டரி வாசலில் இறக்கிவிட்டு மலைக்கு வேலைக்குப் போய்விட்டாள். தான் அழுதால் மகள் போகமாட்டாள் என்று அவசரமாகப் போனாள். வழியனுப்ப யோகப்பிரியா நின்றாள். கண்டக்டர் ஜிபின் பஸ்ஸைப் பிடித்து வைத்திருந்தான்.

அன்றைக்குப் பிறகு மோனிஷா பேசவில்லை. இப்போது பேசினாள்.

"அங்கயும் பேரச் சொல்லிக் கூப்புடணுமா டீச்சர்?"

இல்லை என்று சொல்லிவிடலாம். பஸ் ஏறிவிடுவாள். கீழே மஞ்சு இல்லை, பெரியவர் இல்லை, ஈஸ்வரனின் டப்பா மாட்டிய ஆணி இல்லை. சாந்தம்மாள் கேட்டதும் அதுதான். ஆனால் இந்தப் பிள்ளையை ஒரு தடவை சிரித்துக்கொண்டே நம்பவைத்தாயிற்று.

"ஆமாங் கண்ணு," என்றாள் யோகப்பிரியா. "எல்லா எடத்துலயும் கூப்புடச் சொல்லுவாங்க."

மோனிஷா தலையை ஆட்டினாள். பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்தாள். பஸ்ஸுக்கு எதிர்ப்பக்கம் நடந்தாள். மண்பாதை வளைவில் முதலில் கால் மறைந்தது, பிறகு பாவாடை, கடைசியாகப் பெட்டி. ஜிபின் ஹாரன் அடித்தான்.

யோகப்பிரியா வாயைத் திறந்தாள். கூப்பிட்டால் மோனிஷா நிற்பாள், திரும்புவாள். அது நிச்சயம். முன்னால் பாதையில் என்ன நிற்கிறது என்பதுதான் தெரியவில்லை.

திறந்த வாய்க்குள் மஞ்சு போனது. பஸ் கிளம்பிப் போன பிறகும் அவள் அதை மூடவில்லை.