பூ முடிந்ததும் இறங்கலாம்

வாடிய பூவைக் கிள்ளுவதற்கு ஒரு பக்குவம் உண்டு. வெடுக்கென்று இழுத்தால் பக்கத்தில் நிற்கும் மொட்டும் கூடவே வந்துவிடும். அடியில் பிஞ்சு உட்கார்ந்திருக்கும் இடத்தை இரண்டு விரலால் பற்றி, ஒரு பக்கமாய்ச் சாய்த்து ஒடிக்க வேண்டும். அன்னக்கொடிக்கு அது நான்கு வருஷப் பழக்கம். விடிந்ததும் பங்களாத் தோட்டத்தில் இறங்கி, நேற்று மலர்ந்து இன்று கூழாய்த் தொங்கும் பூக்களையெல்லாம் கிள்ளி மடியில் போட்டுக்கொள்வாள். முடிக்கும்போது விரல் நுனிகள் கறுத்துப் பிசுபிசுக்கும்.

முதலாளியின் மனைவி சந்திரவல்லி அதை லில்லி என்பாள். கொடைக்கானலில் யாரோ கொடுத்த கிழங்கு. எஸ்டேட்டு ஆட்களுக்கு அது ஒருநாப் பூ. காலையில் செங்கல் நிறத்தில் விரிந்து, பொழுது சாய்ந்ததும் சுருங்கிவிடும். ஆனால் ஒரு தண்டில் பத்துப் பன்னிரண்டு மொட்டு முறைவைத்துக் காத்திருக்கும். போடிமெட்டுக்கு மேலே அந்தச் சரிவில் ஏலச்செடியும் மனிதர்களும் மரநிழலில்தான் கிடந்தார்கள். இந்தப் பூ ஒன்றுதான் வெயில் கேட்டது. அதற்காகவே பங்களாவின் முன்னால் மட்டும் வானம் தெரியும்படி விட்டிருந்தார்கள்.

சித்திரை பிறந்ததுமே அன்னக்கொடி ஊருக்குப் போக லீவு கேட்டாள்.

"பூ முடியட்டும், போ" என்றாள் சந்திரவல்லி.

வைகாசி பாதி ஆயிற்று. பூ முடியவில்லை.

அன்னக்கொடியின் ஒரே மகள் பொன்னுமணி கீழே ராசிங்காபுரத்தில், நாத்தனார் சுருளியம்மாள் வீட்டில் இருந்தாள். மலைக்குளிர் நெஞ்சில் கட்டி மூச்சு இழுத்ததால் ஒன்றரை வயதில் கொண்டுபோய் விட்டது. சுருளியம்மாளுக்குப் பிள்ளை இல்லை. பொங்கலுக்கு அன்னக்கொடி போயிருந்தபோது, பிள்ளை சுருளியம்மாளின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, விருந்தாளியைப் பார்ப்பதுபோல எட்டிப் பார்த்தது.

சேதி கொண்டுவந்தது எஸ்டேட்டு ஜீப்பு ஓட்டும் பால்பாண்டி.

"அக்கா, வர்ற திங்க விட்டு அடுத்த திங்க பள்ளிக்கூடம் தொறக்குறாகளாம். ஒம் மகளச் சேக்கப் போறாக."

"சேக்கட்டும். நல்லதுதான."

"வெள்ளத்தொர மாமா தகப்பன் பேருன்னு தன் பேரையே குடுக்கப் போறாராம். டீக்கடையில எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்றாரு." அவள் முகத்தைப் பார்க்காமல் டயரை ஒரு உதை உதைத்துவிட்டு அவன் போய்விட்டான்.

வெள்ளைத்துரை சுருளியம்மாளின் புருஷன். அன்று சாயங்காலம் அன்னக்கொடி தன் புருஷன் காசிமாயனிடம் விஷயத்தைச் சொன்னாள். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பு பார்க்கும் ஆள் அவன். கண் எந்நேரமும் புகையில் சிவந்திருக்கும்.

"எழுதுனா எழுதிட்டுப் போறாரு. எங்கக்கா வளக்குது, சோறு போடுது. ஒத்தப் பேருல என்ன கெடக்கு?"

"எம் புள்ள அது."

"இல்லேன்னு யாரு சொன்னா? நீ பாட்டுக்குப் பங்களா அம்மாவப் பகைச்சுக்கிட்டுக் கீழ எறங்கு. மறுநா இந்த லயத்து வீட்ட விட்டு நானும் எறங்க வேண்டியதுதான்."

அவன் பேச்சு அத்துடன் முடிந்தது. அவள் சுவரைப் பார்த்துப் படுத்தாள். யாரும் அவளைக் கட்டிப்போடவில்லை. பாதை திறந்துதான் கிடந்தது. இருந்தும் போக முடியவில்லை.

ஒன்று அவளுக்குத் தெரியும். போன வருஷம் காய்ச்சலில் பத்து நாள் படுத்துவிட்டாள். வாடிய பூக்களைக் கிள்ள ஆள் இல்லை. எல்லாம் காய் பிடித்தன. காய் பிடித்ததும் செடி புதுத் தண்டு விடுவதை நிறுத்திக்கொண்டது. கிள்ளக் கிள்ளத்தான் அது நீளும். தெரிந்திருந்தும் இந்த வருஷம் ஏன் இத்தனை நாள் விடாமல் கிள்ளினோம் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். கை பழக்கத்தில் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சேலைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அந்த முகம் நினைவுக்கு வந்தது. அதை இன்னொரு தரம் பார்ப்பதற்குப் பயந்து, தானேதான் இந்தப் பூக்களுக்குள் ஒளிந்திருந்தோமோ என்று தோன்றியது.

மறுநாள் முதல் அவள் கிள்ளவில்லை. தண்ணீர் ஊற்றினாள், களை எடுத்தாள், பூவைத் தொடவில்லை. ஒரு வாரத்தில் நகக்கண் அளவுக்குப் பச்சைக் காய்கள் திரண்டன. புதுத் தண்டு எழும்பவில்லை.

சனிக்கிழமை விடியலில் அவள் தோட்டத்துக்கு வந்தபோது, பனிமஞ்சுக்குள் ஒரு உருவம் குனிந்து நின்றது. சந்திரவல்லி. செருப்பில்லாத காலோடு, காய்களைப் பிய்த்துப் பிய்த்துக் கீழே எறிந்துகொண்டிருந்தாள். மொட்டுகளும் சேர்ந்து விழுந்து கிடந்தன.

"ஏன்டி கிள்ளல?"

அன்னக்கொடி கீழே கிடந்த மொட்டு ஒன்றைப் பொறுக்கினாள்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? போன வருசம் நீ படுத்தப்ப இது எப்படி நின்னுச்சுன்னு நானும் பாத்தவதான்."

"திங்கக்கெழமைக்குள்ள பூ முடியணும்மா. எம் புள்ளைக்கு வேற ஒருத்தர் பேரத் தகப்பன்னு எழுதப் போறாக."

சந்திரவல்லி கையிலிருந்த காயை உருட்டிக்கொண்டே நின்றாள். மஞ்சு நகர்ந்து, ஏலச்செடிகள் தெரிந்து, மறுபடி மறைந்தன. காயைக் கீழே போட்டாள்.

"பூ முடிஞ்சதும் வர்றேன்னு நானும் அவருகிட்ட சொல்லி வச்சிருக்கேன் அன்னக்கொடி. போடி வீட்டுல, மாடியில, ஒங்க மொதலாளி ரெண்டாவதா ஒருத்தியக் கொண்டாந்து வச்சிருக்காரு. பையன் பெறந்திருக்கு. மூத்தவ நான் வந்துதான் தொட்டில்ல போடணுமாம். அப்பத்தான் ஊரு ஒத்துக்கிருமாம்."

அன்னக்கொடி பங்களா ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். இவள் எந்நேரமும் ஜன்னலருகே உட்கார்ந்து பூவை ரசிப்பதாக அல்லவா நினைத்திருந்தாள்.

"திங்கக்கெழம போ" என்றாள் சந்திரவல்லி. "செவ்வாக்கெழம விடியும்போது இங்க நிக்கணும். ஒரு நாளைக்கு நான் கிள்ளிக்கிறேன். எப்படின்னு காட்டு."

அன்னக்கொடி காட்டினாள். சந்திரவல்லியின் விரல் சாய்ப்பதற்குள் மொட்டு ஒடிந்தது.

"சிரிக்காதடி."

"நான் எங்கம்மா சிரிச்சேன்?"

"ஒன் மூஞ்சி சிரிக்குது."

திங்கட்கிழமை பால்பாண்டியின் ஜீப்பு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கியது. போடியில் பஸ்சு மாறி அவள் ராசிங்காபுரம் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். வரிசையில் சுருளியம்மாளும் வெள்ளைத்துரையும் நின்றார்கள். நடுவில் எண்ணெய் வழியப் பின்னல் போட்ட பொன்னுமணி.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சாக்கும் மகராணிக்கு?" என்றாள் சுருளியம்மாள்.

தலைமையாசிரியர் பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேல் வளைக்கச் சொன்னார். விரல் இடது காதைத் தொட்டது. பேனாவைத் திறந்தார்.

"தகப்பனார் பேரு?"

வெள்ளைத்துரை தொண்டையைச் செருமினார். அதற்குள் அன்னக்கொடி, "காசிமாயன்" என்றாள். சத்தம் அவள் நினைத்ததைவிட அதிகமாகவே வந்துவிட்டது.

"நீ யாரும்மா?"

"பெத்தவ."

அவர் வெள்ளைத்துரையைப் பார்த்தார். அந்த மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேப்பமரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான். பேனா ஓடியது. அன்னக்கொடி தன் பேரைச் சொல்லத் தயாராக நின்றாள். அவர் கேட்கவில்லை. அந்த ரிஜிஸ்டரில் அதற்கு இடம் இல்லை.

பிள்ளை சுருளியம்மாளின் கையைப் பிடித்து இழுத்தது. "ஆத்தா, சிலேட்டு வாங்கப் போவமா?"

மூன்று மணிக்கு மலை ஏறும் ஜீப்பு. பால்பாண்டி, "எழுதியாச்சாக்கா?" என்றான்.

"எழுதியாச்சு."

"பெறகு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

அவள் வெளியே பார்த்தாள். ஒவ்வொரு வளைவிலும் ஊர் ஒரு தரம் தெரிந்து மறைந்தது. கடைசியில் மஞ்சு வந்து மூடிக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை விடியலில் தோட்டத்தில் சந்திரவல்லி முன்னமே நின்றிருந்தாள். விரல் நுனிகள் கறுத்திருந்தன.

"ஏழு மொட்டு போச்சுடி என்னால" என்றாள். பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இருவரும் ஆளுக்கொரு வரிசையில் குனிந்தார்கள். மேற்கே மழைமேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

சந்திரவல்லி நிமிராமலே கேட்டாள். "இன்னும் எத்தன நாளைக்குப் பூ வரும்?"

அன்னக்கொடி கையிலிருந்த தண்டைப் பார்த்தாள். இரண்டு மொட்டுதான் மிச்சம்.

"நெறைய இருக்கும்மா" என்றாள்.