தடை ஒன்றும் இல்லை

சென்னையில், மென்பொருள் வேலையைச் சிறு சிறு பகுதியாக நடத்தும் 'அஜைல்' முறையில் இரண்டு நாள் பயிற்சி முடித்து, சான்றிதழும் கையுமாகத் தஞ்சாவூர் திரும்பினேன். எங்கள் மாடி அலுவலகத்தில் என்னையும் சேர்த்து ஐந்து பேர். தினமும் காலை பத்து மணிக்கு எல்லோரும் நின்றுகொண்டே மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றேன்: நேற்று என்ன செய்தீர்கள், இன்று என்ன செய்யப்போகிறீர்கள், தடை ஏதாவது உண்டா?

மூன்று வாரமாக மூன்றாவது கேள்விக்கு ஒரே பதில்தான். "தடை ஒண்ணும் இல்ல சார்." மென்பொருள் எழுதுகிறவர்களுக்குத் தடையே இல்லையாம்! சந்தோஷப்படுவதற்குப் பதிலாக எனக்கு மண்டை குடைந்தது.

செய்துகொண்டிருந்தது பூதலூர் சிங்காரவேலுவின் அறுப்பு மிஷின்களுக்கான செயலி. விவசாயிகள் போனிலேயே மிஷினை வாடகைக்குப் பதிவு செய்துகொள்ளலாம். சம்பா அறுப்புக்கு இன்னும் பத்தே நாள். எங்களிடம் இருந்ததும் அந்த ஒரே ஆர்டர்தான்.

ஞாயிற்றுக்கிழமை இருப்புக்கொள்ளாமல் நானே இரண்டு பெயரில் பதிவு செய்து பார்த்தேன். செயலி ஒரே மிஷினை ஒரே நேரத்தில் இரண்டு வயலுக்கு அனுப்பியது.

மறுநாள், சோதித்துப் பார்க்கும் பொறுப்பில் இருந்த ஜெயபாரதியைத் தனியாகக் கேட்டேன்.

"தெரியும் சார். ரெண்டு வாரமாச்சு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள்! "ஏங்க சொல்லல?" என்று கத்தியேவிட்டேன்.

"அது நம்ம சதீஷ் எழுதின பகுதி சார். எல்லார் முன்னாடியும் நிக்கவச்சுக் கேட்டா எப்படிக் காட்டிக்கொடுக்கறது? நீங்க மட்டும் என்ன? வெள்ளிக்கிழமை சிங்காரவேலு ஐயா போன்ல கேட்டப்ப என்ன சொன்னீங்க?"

எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்றுதான் சொல்லியிருந்தேன். பாதி வேலை முடியவில்லை என்று அன்றே எனக்குத் தெரியும். வெட்கமாகப் போய்விட்டது.

பத்து மணிக்கு எல்லோரும் நின்றார்கள். நான் சிங்காரவேலுவை அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஐயா, செயலியில தப்பு இருக்குதுங்க. ஒரே மிஷின் ரெண்டு வயலுக்குப் போகுது. பத்து நாள்ல முடியுமான்னும் தெரியலைங்க."

சதீஷ் தலை குனிந்துகொண்டான்.

"தெரியும் தம்பி," என்றார் அவர். "செயலியைப் பாக்கச் சொல்லி அனுப்புனீங்கள்ல, அன்னிக்கே எனக்கும் அப்படித்தான் வந்துச்சு. சொன்னா சங்கடப்படுவீங்களேன்னு இருந்துட்டேன். வெள்ளிக்கிழமை கேட்டதுகூட, நீங்களா சொல்லுவீங்கன்னுதான்."

"சரி பண்ணிடறோங்க."

"இல்லைங்க தம்பி. நேத்து இந்த வேலையைத் திருச்சியில வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் முழிச்சுக்கிட்டிருந்தேன்."