நாலு மணிக்கு முடியும் படம்

பிளக்கைப் பிடுங்கப்போன கையை அஞ்சலாட்சி பட்டென்று தட்டிவிட்டாள். எழுபத்தெட்டு வயதுக் கையில் இப்படி ஒரு வேகத்தை ஐஸ் பெட்டிக்காரன் அம்மாவாசை எதிர்பார்க்கவில்லை.

“அதுல மட்டும் கை வெக்காதே.”

“வேற பிளக்குல சொருவுனா லைட்டு அணையுது ஆயா. பழைய ஒயரு. ரெண்டுல ஒண்ணுதான் ஓடும். பெட்டியா, கம்ப்யூட்டரா?”

கூடத்தில் அவள் அண்ணன் கோவிந்தசாமி மாலையோடு படுத்திருந்தார். எண்பத்து நாலு வயது. விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். கொள்ளுப்பேரனை மடியில் வைத்துக் காதுகுத்தியவர், கல்யாணச் சாவு. வாசலில் தப்புக்காரர்கள் தீ மூட்டித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். முத்தியால்பேட்டையில் தர்மகர்த்தா வீடு என்று பெயரெடுத்த வீடு. எதிலும் குறை வைக்கக் கூடாது என்று காலையிலிருந்து அவள்தான் நின்று ஏவிக்கொண்டிருந்தாள்.

நேற்றுச் சாயங்காலம் ஆறு மணிக்கு அண்ணன் இதே அறையில் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு எழுந்தார்.

“அஞ்சல, இந்தப் படம் வேவறதுக்கு இருபத்திரண்டு மணி நேரம் ஆவும். நாளைக்கு நாலு மணிக்கு முடியும். நடுவுல நின்னா அத்தனையும் போச்சு. யாரையும் கிட்ட வுடாதே.”

“பாத்துக்கறேன்” என்றாள். அவ்வளவுதான். அந்த வீட்டில் சொன்ன சொல்லுக்கு மேல் ஒரு கையெழுத்து கிடையாது.

மில்லில் ஃபிட்டராக இருந்தவர். எழுபத்தைந்தாம் வயதில், பேரன் விட்டுப்போன கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படம் செய்யக் கற்றுக்கொண்டார். கிரகங்கள், வளையங்கள், நிலாக்கள். செய்து வைத்ததைக் கம்ப்யூட்டர் கணக்குப்போட்டுப் படமாக்கி முடிப்பதைத்தான் ‘வேவறது’ என்பார். உருண்டையைச் செய்வது அரை நாள் வேலை; அதற்குத் தோல் தேடித்தான் மாதக்கணக்கில் அலைவார். வைத்திக்குப்பத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த படகின் அடிவயிற்றைப் படம்பிடித்து ஒரு நிலாவுக்குப் போர்த்தினார். அடிபிடித்த தோசைக்கல் புதன் கிரகமானது. போன மாதம் அவளையே வெயிலில் உட்காரவைத்து, “காலை நீட்டு” என்றார். “அண்ணங்காரன் தங்கச்சி காலுகிட்ட குந்திக்கினு இருந்தா பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்க?” என்று அவள் முறைத்தாள். அவர் பாட்டுக்கு வெடித்துக் கிடந்த குதிகாலை நாற்பது படம் எடுத்தார்.

உறவுக்காரர்களிடம் அவள் இதைப் பற்றி மூச்சுவிட்டதில்லை. தர்மகர்த்தா வீட்டு மூத்த பிள்ளை வயதான காலத்தில் உருண்டை உருட்டுகிறார் என்று யாரிடம் சொல்வது?

அண்ணனின் சம்பந்தி கலியபெருமாள் எட்டிப் பார்த்தார். “என்னா சம்பந்தியம்மா, சாவு வூட்ல படம் ஓடுது?”

“ஓடல. வேவுது.”

“அடுப்பே மூட்டக் கூடாது. இங்க என்னா வேவுது?”

கூடத்தில் அழுதுகொண்டிருந்த பெண்களில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணன் மகன் அன்பழகன் அருகே வந்து குரலைத் தாழ்த்தினான். “அத்தை, எம் பெரிய பையன் பெங்களூர்லேருந்து வர மூணு மணி ஆயிடும். வெயிலைப் பாத்தீங்கள்ல? பெட்டி இல்லாம எப்படி?”

அவள் திரையைப் பார்த்தாள். சின்னச் சின்னக் கட்டங்களாகப் படம் நிரம்பிக்கொண்டிருந்தது. கால்வாசிக்குமேல் இன்னும் இருட்டு. இப்போது நிறுத்திவிட்டால் கேட்பதற்கு அண்ணன் எழுந்து வரப்போவதில்லை. ஆனால் சொல் சொல்தானே.

“பெட்டிய எடுத்துக்கினு போவச் சொல்லு. எங்கப்பாவை ஐஸ் பாளத்துல வெச்சோம். மகனையும் அப்படியே வெப்போம்.”

“இப்பப் பாளத்துக்கு எங்க போறது?”

“தாமரைச்செல்விக்குப் போன் போடு.”

கலியபெருமாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “மீன்காரிகிட்டயா? மீன் ஐஸா? நாலு பேரு என்னா பேசுவாங்க?”

“சொன்ன வார்த்தைய வுட்டா மட்டும் பேச மாட்டாங்களா? ஐஸ்ல ஏது சம்பந்தி, மீன் ஐஸு, மனுச ஐஸு?”

அரை மணி நேரத்தில் லோடு ஆட்டோவில் சாக்கு சுற்றிய நாலு பாளங்களோடு வைத்திக்குப்பத்துத் தாமரைச்செல்வி வந்து இறங்கினாள். நேராகக் கூடத்துக்குப் போய் மாரில் அடித்துக்கொண்டாள். “எம் படகைக் குப்புறப் போட்டுப் படம் புடிச்சியே பெரியவரே, அந்தப் படத்தை எங்கண்ணுல காட்டாமயே போறியே!” அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு அஞ்சலாட்சியிடம் திரும்பினாள். “மூணு தண்ணி ஊத்திக் கழுவித்தான் கொணாந்தேன் ஆயா. இருந்தாலும் பூனையக் கிட்ட வுடாதீங்க.”

முதலில் சிரித்தது அன்பழகன்தான். காலையிலிருந்து அழுதவன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கலியபெருமாள் வாசலுக்குப் போய்ச் சிரித்தார். அஞ்சலாட்சி மட்டும் நிமிர்ந்தபடியே நின்று, உதட்டைக் கடித்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியதைச் சிலர் அழுகை என்று நினைத்திருப்பார்கள்.

மூன்றேகால் மணிக்குப் பல்லக்கு கிளம்பியது. தெரு முழுக்கச் சாமந்தி. சரவெடிப் புகையில் கொள்ளுப்பேரன் குதித்துக் குதித்து ஆடினான். தப்புக்காரர்கள் அவன் காலுக்கேற்ப அடித்தார்கள்.

ஆண்கள் போன பிறகு பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். “எல்லாம் கழுவுங்க. அந்த ரூமு வாசப்படிக்கு இப்பாலயே நிறுத்திக்கோங்க” என்று சொல்லிவிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்ட ஈரத்தோடு, அஞ்சலாட்சி கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். நாற்காலியில் முதுகு சாய்க்கவில்லை. தூரத்தில் தப்புச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. நாலு மணி. நாலு ஐந்து. கடைசிக் கட்டம் நிரம்பியது. பெட்டிக்குள் இரைந்துகொண்டிருந்த விசிறி மெல்ல அடங்கியது.

அன்பழகன் மனைவி சரிதா குனிந்து எதையோ அமுக்கினாள். “முடிஞ்சிது அத்தை. பத்திரமா சேத்துட்டேன்.”

கருத்த வானம். அதில் பட்டை பட்டையாகப் பெரிய கிரகம். கீழே கண்ணுக்கெட்டிய மட்டும் வெளிறிய பனிநிலம். அதைக் குறுக்கும் நெடுக்கும் கிழித்துக்கொண்டு போகும் வெடிப்புகள். ஒரே பக்கமிருந்து வெளிச்சம்.

“எந்த ஊரும்மா இது?” என்றாள் தாமரைச்செல்வி.

“வியாழனைச் சுத்துற நிலாவாம். பூரா ஐஸ்தானாம், மாமா சொன்னாரு.”

“அங்கியும் ஐஸா! சொல்லியிருந்தா அங்கிருந்தே ரெண்டு பாளம் எறக்கியிருக்கலாமே.”

அஞ்சலாட்சி திரைக்குக் கிட்டே குனிந்தாள். ஒரு நீண்ட வெடிப்பு தொடுவானம்வரை போய் இரண்டாகப் பிரிந்தது. பிரிந்த இடத்துக்குப் பக்கத்தில் பிறை போல ஒரு சின்ன வடு. அவளுக்குப் பத்து வயதில் கடற்கரையில் கிளிஞ்சல் கிழித்தது. அண்ணன்தான் முதுகில் சுமந்துகொண்டு வந்தார்.

“நல்லாருக்கா அத்தை?”

“இருக்குது. காரியத்துக்கு வர்ற அத்தினி பேருக்கும் காட்டணும். பெரிசா போட்டுக் கூடத்துல மாட்டச் சொல்லு.”

அவர்கள் கூடத்தில் விளக்கேற்றப் போனார்கள். அவள் எழுந்து அறைவிளக்கை அணைத்தாள். மறுபடி உட்கார்ந்து, ஈரப் புடவைக்குள்ளிருந்து இடது காலை முக்காலியின் மேல் எடுத்துப் போட்டு, குதிகாலைத் திரை வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பி வைத்தாள்.